மாத்தளை மலையேறிய ஐரோப்பிய வண்டி

மாத்தளைக்கு வந்திருக்கிறீர்களா? வராதவர்களுக்காக முதலில் வழி சொல்லிவிடுகிறேன். கண்டியிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் வரை ஓடுகிறதே ஏ9 நெடுஞ்சாலை, அதில் கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் தாண்டி வந்தால் மலைகள் நான்கு பக்கமும் நின்று காவல் காக்கும் ஒரு பள்ளத்தாக்கு. அதுதான் மாத்தளை. கண்டியிலிருந்து வரும் ரயில் பாதை 1880ஆம் ஆண்டு இங்கே வந்து நின்றது. இன்றுவரை அதற்கு அப்பால் போகவில்லை. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ என்று மணக்கிற மண். தம்புள்ளை போகும் பாதையில் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக நிற்கும். உள்ளே போய்ப் பார்க்கலாம், வாங்குவதென்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். வெளிநாட்டவருக்குச் சொல்லும் விலையையே நமக்கும் சொல்லிப் பார்ப்பார்கள். அதே மிளகை டவுன் கடையில் பாதிக் காசுக்கு வாங்கலாம்.

அலுவிகாரை, நாலந்தா, சீகிரியா என்று இந்த மாவட்டத்தில் பார்க்க எத்தனையோ உண்டு. நாலந்தாவின் கற்கோவிலை, போவதென்ன நீர்த்தேக்கத்தின் தண்ணீர் மூடிவிடாமல் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அவற்றை எல்லாப் பயண நூல்களும் எழுதிவிட்டன. நான் சொல்ல வந்தது வேறு ஒரு பாதையை. அந்தப் பாதையில் நாங்கள் ஏறிப் போன வண்டியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தப் பயணமே வண்டியைப் பார்ப்பதற்காகப் போன பயணம்!

இலங்கையில் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் வாகனப் பேச்சுத்தான். காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. அதன்பின் நாடே கடனில் விழுந்தது. 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் கிடந்தோம். கியூஆர் அட்டையைக் காட்டினால் காருக்கு வாரத்துக்கு இருபது லீற்றர் என்று அளந்து ஊற்றிய காலம் அது. தனியார் வாகனங்களை மறுபடி இறக்க 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் அனுமதி கிடைத்தது. ஐந்து வருடம் அடைத்து வைத்த மதகைத் திறந்தால் எப்படி? அப்படித்தான் ஜப்பானியக் கார்கள் வந்து இறங்கின. அவற்றில் நம் குடும்பங்கள் அதிகம் விசாரிக்கும் வண்டிகளில் ஒன்று டொயோட்டா யாரிஸ் கிராஸ்.

என் நானாவின் மகள் வீட்டிலும் அதே வண்டிதான் வந்தது. அவளும் மாப்பிள்ளையும் இருவரும் ஆசிரியர்கள். ஓட்டுவது பெரும்பாலும் அவள்தான். அதைப் பார்த்துவிட்டு என் தங்கச்சியின் கணவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசைக்குக் காசு? தங்கச்சியின் வளையல்கள் பன்னிரண்டு பவுன். அதோடு உக்குவளைப் பக்கம் உம்மா எழுதிக்கொடுத்த மிளகுத் தோட்டத் துண்டு ஒன்று. "ராத்தா, நீங்கள் ஒருதரம் அந்த வண்டியில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பிறகுதான் நான் வாய் திறப்பேன்" என்றாள் தங்கச்சி. 2025 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த வாரம், இப்படியாக ரிவர்ஸ்டன் மலைக்குப் புறப்பட்டோம்.

புறப்படுமுன் இந்த வண்டியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் ஊரில் உயரமாக நின்றால் எல்லாமே 'ஜீப்'தான். யாரிஸ் கிராஸைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளையும் "ஜீப் வாங்கியிருக்கிறார்கள்" என்றுதான் தெருவெல்லாம் சொன்னான். உண்மையில் அது ஜீப் அல்ல. பழைய ஜீப்புக்கு அடியில் ஏணி மாதிரி ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் உடம்பைத் தூக்கி வைத்திருப்பார்கள். கல்லிலும் ஆற்றிலும் போக அது தாங்கும். இதுவோ ஒரு சின்னக் காரைக் கொஞ்சம் உயர்த்தி, சக்கரத்தைப் பெரிதாக்கி, ஜீப்பின் முகத்தை வைத்தது. இந்த வகைக்குக் 'கிராஸ் ஓவர்' என்று பெயர். யாரிஸ் எது என்று கேட்கிறீர்களா? நம் தெருவில் மூலைக்கு மூலை நிற்கிற விட்ஸ் கார்தான்! ஜப்பானில் 2020 வரை விட்ஸ் என்றும் ஐரோப்பாவில் யாரிஸ் என்றும் ஒரே காருக்கு இரண்டு பெயர். ஆக, நம் 'ஜீப்' விட்ஸ் வீட்டுப் பிள்ளைதான்.

இப்படிச் சின்னக் காரை உயர்த்தி விற்கும் வழக்கம் ஐரோப்பாவில்தான் பெரிதாக ஓடியது. நிசான் ஜூக் 2010இல் வந்தது. ரெனோ கம்பனி கிளியோ காரை உயர்த்தி 2013இல் கேப்ச்சர் என்று விட்டது. பேஜோ தன் 208ஐ உயர்த்தி அதே வருடம் 2008 என்றது. அங்குள்ள பழைய பட்டணங்களில் தெருக்கள் ஒடுக்கம். நிறுத்த இடம் கிடையாது. பெற்றோல் விலை அதிகம். புகைக்கும் கடுமையான சட்டம். ஆனால் சனங்களுக்கு உயரமாக உட்கார வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விடை இது. டொயோட்டா அந்தச் சந்தைக்கு என்றே யாரிஸ் கிராஸைச் செய்து 2020 ஏப்ரலில் காட்டியது. ஐரோப்பாவுக்கு வேண்டியதைப் பிரான்ஸின் வடக்கே வலென்சியென் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். நமக்கு வருவதோ ஜப்பானில் செய்தது. உருவம் ஒன்றுதான்: நீளம் 4 மீற்றர் 18 சென்ரிமீற்றர், மூன்று சிலிண்டர் 1490 சி.சி. எஞ்சின், ஹைபிரிட் என்றால் கூடவே மின்மோட்டாரும் பேட்டரியும்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பெண் குரல் ஜப்பானில் ஏதோ சொன்னது. அந்நாட்டு நெடுஞ்சாலைக் கட்டண அட்டையைப் போடவில்லை என்று சொல்கிறதாம்! மருமகளின் சின்ன மகன் ஒவ்வொரு தடவையும் அதற்கு "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று பதில் சொல்கிறான். திரையில் உள்ள எழுத்தும் ஜப்பானியம்தான். இறக்குமதி வண்டி வாங்குபவர்கள் இதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வயதுப் பெண்களுக்கு முக்கியமான விஷயம் ஏறுவதும் இறங்குவதும். தாழ்ந்த காரில் முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்தால் பள்ளத்தில் விழுந்த மாதிரி; எழும்ப ஒருவர் கை கொடுக்க வேண்டும். நிஜ ஜீப்பிலோ அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்து ஏற வேண்டும். அது ஒரு சங்கடம். இதில் இரண்டு சிரமமும் இல்லை. ஆசனம் சரியாக இடுப்பு உயரத்தில் இருக்கிறது. நாற்காலியில் உட்காருவது போல் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். இதற்காகவே ஐரோப்பாவில் வயதானவர்கள் இந்த வகையை விரும்புகிறார்கள் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் பின் ஆசனத்தைச் சொல்ல வேண்டும். அங்கே புருஷன், பெண்சாதி, மிஞ்சினால் ஒன்றிரண்டு பிள்ளைகள். நம் வீட்டுப் பயணம் அப்படியா? முன்னால் மருமகளும் மாப்பிள்ளையும். பின்னால் நான், என் தங்கச்சி, நடுவில் சின்னவன். வளர்ந்த மூவர் என்றால் தோள் இடிக்கும். பின்பெட்டி 390 லீற்றர் என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் கணக்கில் அது ஒரு பிரியாணிச் சட்டி, ஒரு வட்டிலப்பத் தட்டு, தண்ணீர்ப் போத்தல்கள், தொழுகைப் பாய் இரண்டு, ஒரு குடைக்கட்டு. சஹன் தட்டு போகவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன்! ஹைபிரிட் வண்டியில் இன்னொன்றும் கவனியுங்கள். பேட்டரி பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிர வைக்கக் காற்று இழுக்கும் துவாரம் ஆசனத்தின் அடியில் உண்டு. பையையோ போர்வையையோ அதன்மேல் அடைத்து வைக்கக் கூடாது.

மாத்தளையிலிருந்து கைகாவலை வழியாக ரத்தோட்டை. அதுவரை சாதாரண ஏற்றம்தான். ரத்தோட்டை தாண்டியதும் பாதை ஒடுங்குகிறது. ஒரு பக்கம் தேயிலையும் மிளகுக் கொடிகளும். மறு பக்கம் பள்ளம். பம்பரகிரி அருவியில் இறங்கித் தொங்குபாலத்தைப் பார்த்தோம். அதன்பின் வளைவுக்குமேல் வளைவு. மாத்தளை டவுனிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர்தான். அதற்குள் கிட்டத்தட்ட ஆயிரம் மீற்றர் உயரம் ஏறிவிடுகிறோம். தார் போட்ட பாதை; குழிகள் இருக்கும்; எதிரில் பஸ் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும்.

இங்கேதான் ஐரோப்பியத் தெருவுக்காகச் செய்த உடம்பு கைகொடுத்தது. அகலம் 1 மீற்றர் 76 சென்ரிமீற்றர்தான் என்பதால் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்க இடம் கிடைத்தது. உயரமாக உட்கார்ந்திருப்பதால் வளைவின் ஓரக்கல் எங்கே, வடிகான் எங்கே என்று மருமகளுக்குத் தெரிந்தது. தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடையே 17 சென்ரிமீற்றர். குழியில் இறங்கும்போது விட்ஸ் கார் 'டக்' என்று அடிவாங்கும் இடங்களில் இது அடிவாங்கவில்லை. ஏற்றத்தில் மட்டும் எஞ்சின் சத்தம் போட்டது. மூன்று சிலிண்டர் சின்ன எஞ்சின் ஐந்து பேரையும் சட்டியையும் சுமந்து ஏறும்போது முனகத்தானே செய்யும்! நின்றுவிடவில்லை, ஆனால் பேச்சுக் கேட்கவில்லை.

ரிவர்ஸ்டன் கணவாயில் இறங்கினோம். அப்பப்பா, அந்தக் காற்றை எப்படி எழுதுவேன்! ஜூன் மாதம் தென்மேல் பருவக்காற்று மலையைத் தாண்டிக் கொட்டுகிற இடம் அது. முந்தானையையும் முக்காட்டையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. மறு நிமிடம் பக்கத்தில் நிற்கும் தங்கச்சியைக் காணோம், அவ்வளவு மூடுபனி. வெள்ளைக்காரன் இந்த மலைத்தொடருக்கு நக்கில்ஸ் என்று பெயர் வைத்தான். பொத்திப் பிடித்த கையின் விரல் முட்டிகள் போலச் சிகரங்கள் தெரிவதால் அந்தப் பெயர். மத்திய மலைநாட்டின் மற்ற இரண்டு காடுகளோடு இதையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. குப்பை போடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எங்களுக்கு முன் வந்தவர்களின் லஞ்ச்சீட்டுகள் புல்லில் பறந்ததைப் பார்த்தபோது மனம் கசந்தது.

மலையின் மறுபக்கம் இறங்கினால் பிட்டவல பத்தனை. பாறைத் தட்டின்மேல் மெல்லிய மண், அதன்மேல் புல் என்று விரிந்த வெளி. சிறிது நடந்தால் 'சின்ன உலக முடிவு' என்கிற பாறை விளிம்பு. கீழே வயல்கள் விளையாட்டுச் சாமான் போலத் தெரிகின்றன. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். எல்லா இடத்திலும் வேலி இல்லை. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டு போங்கள். சமதரையான ஓரிடத்தில் பாய் விரித்து லுஹர் தொழுதோம், சாப்பிட்டோம்.

திரும்பும்போதுதான் வண்டியின் உண்மை முகம் தெரிந்தது. பாதையோரப் புல் சரிவில் நிறுத்தியிருந்தோம். காலையில் தூறிய மழையில் புல் நனைந்திருந்தது. மேலே ஏற முயன்றபோது முன்சக்கரங்கள் இரண்டும் அதே இடத்தில் சுற்றின! மச்சான் 'ஜீப்' என்று நம்பிக்கொண்டிருக்கிற வண்டி, சரிவில் நகர மறுத்து நின்றது. காரணம் எளிது. நான்கு சக்கரமும் இழுக்கும் வகையும் இந்த வண்டியில் உண்டு. ஆனால் மருமகள் வாங்கியது முன்சக்கரம் மட்டும் இழுப்பது. இங்கே பார்க்கும் பலவும் அதே வகைதான். சரிவில் ஏறும்போது பாரம் பின்னுக்குப் போகிறது. முன்சக்கரம் லேசாகி வழுக்குகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து பார்த்தார். பின்னால் இருப்பவர்களை இறங்கச் சொன்னார்; சக்கரத்துக்கு முன்னால் சிறு கற்களையும் காய்ந்த புல்லையும் போட்டார். மருமகள் மெதுவாக அழுத்த, வண்டி பாதைக்கு வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், இரண்டு நிமிட வேலை. பெரியவர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னதை மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்: "உயரம் மட்டும் போதாது, தங்கச்சி."

இறக்கத்தில் இன்னொரு பாடம். எங்களுக்கு முன்னால் போன வாடகை வேன் ஒன்று வளைவில் நின்றுவிட்டது. சக்கரத்திலிருந்து கருகிய வாடை. வழிநெடுக பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் பிரேக் சூடேறி, அழுத்தினாலும் பிடிக்காமல் போய்விடும். மருமகள் கியர்த் தண்டை 'பி' என்ற இடத்துக்கு இழுத்துவிட்டாள். அதில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு இறங்கும். அந்த வேகத்தில் கொஞ்சம் மின்சாரமாகிப் பேட்டரிக்கும் போகும். சாதாரண ஓட்டோமெட்டிக் கார் என்றால் 'எல்', 'எஸ்' என்று ஏதாவது இருக்கும். கியர் வண்டி என்றால் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஓட்டுகிற சகோதரிகள் இதை வீட்டு ஆண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், வண்டியோடு வரும் புத்தகத்திலேயே பார்த்துவிடுங்கள். கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது!

ஏறி முடித்தபோது லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்று காட்டிய திரை, வீட்டு வாசலில் சராசரி 19 என்று காட்டியது. ஜப்பானில் சோதனையில் இந்த வகை ஹைபிரிட் 30க்கு மேல் ஓடியதாகக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் ரத்தோட்டை ஏற்றமும் பிரியாணிச் சட்டியும் இல்லை. 19 என்றாலும் குறைவல்ல. 2022இன் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த எண்ணின் அருமை தெரியும்.

அன்றிரவு தங்கச்சி வீட்டுச் சோற்று மேசையில் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல வண்டி, ஏறி இறங்க வசதி, ஒடுக்கப் பாதைக்குத் தோது. காட்டு வழிக்கு உதவாது. விலையோ ஒரு கோடியைத் தாண்டி நிற்கிறது. அதில் பெரும் பங்கு வரி. எஞ்சின் சி.சி. பார்த்துப் போடும் தீர்வையும், அதன்மேல் 18 சதவீத வற் வரியும் என்று ஒன்றன்மேல் ஒன்று. லீசிங்கிலும் முழுத் தொகை கிடைக்காது. 2025இல் மத்திய வங்கி அதற்கு உச்சவரம்பு போட்டுவிட்டது. மிச்சத்தைக் கையிலிருந்து வைக்க வேண்டும். வட்டிக்குப் பயந்து இஜாரா முறையில் போனாலும் மாதத் தவணை தவணைதானே. பழைய வண்டியாக எடுத்தால் ஜப்பான் ஏலத்தின் தாளைக் கேட்டு வாங்கி, ஓடிய கிலோமீற்றரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "வருடத்துக்கு எத்தனை தடவை ரிவர்ஸ்டன் போவோம்?" அவர் யோசித்து, இரண்டு என்றார். மற்ற நாட்கள்? பள்ளிக்கூடம், கடை, மாதம் ஒருமுறை உம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது. "வளையல் என்னுடையது. உம்மாவின் முழங்காலுக்காக என்றால் கழற்றித் தருவேன். காணியைத் தொட மாட்டேன்" என்று தங்கச்சி மெதுவாகத்தான் சொன்னாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மச்சான் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்தது ஒரு பழைய விட்ஸ். பின் ஆசனம் தாழ்வு என்று உம்மா முறைப்பாடு. ஆசனத்தில் தடித்த மெத்தை ஒன்று போட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் அந்த வருட மிளகு காய்ந்துகொண்டிருக்கிறது.

எங்கள் பயணத்துக்குப் பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலைநாடெங்கும் மண்சரிவு, மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. உயிர்களும் வீடுகளும் பாதைகளும் போயின. ஆகவே இந்த மலைக்கு வர நினைப்பவர்கள், புறப்படும் முதல் நாள் ரத்தோட்டைப் பக்கத்தில் யாரையாவது கேட்டுப் பாதை திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். சிவப்பு அறிவிப்பு இருந்தால் எந்த வண்டியானாலும் வாசலிலேயே நிற்கட்டும். சொந்த வாகனம் இல்லையென்றால் மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்கு பஸ் உண்டு. அங்கிருந்து மலைப்பாதை பழகிய ஆளின் வேனையோ முச்சக்கர வண்டியையோ பேசிக்கொள்ளலாம். சுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்பினால் மூடுபனி ஏறுவதற்குள் கணவாயைப் பார்த்துவிடலாம். அஸர் நேரத்துக்குள் ரத்தோட்டைக்கு இறங்கிவிடுங்கள். அதற்குமேல் வளைவுகளில் விளக்குப் போட்டாலும் பாதை தெரிவதில்லை.